பொன்னுக்கு வீங்கியும் என் இரண்டு பவுன் செயினும்

எங்கள் தெருவில் யாருக்காவது பொன்னுக்கு வீங்கி வந்து காதுக்குக் கீழே கன்னம் உப்பிக்கொண்டால், முதலில் தேடுவது டாக்டரை இல்லை, என் கழுத்தை. தங்கச் செயின் போட்டால் வீக்கம் வடியும் என்பது விருத்தாசலத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். என்னுடையது இரண்டு பவுன், நல்ல கனம். அதைப் போட்ட எந்தக் கன்னமும் பத்து நாளுக்கு மேல் வீங்கி இருந்ததில்லை. போடாத கன்னமும் பத்து நாளில் வடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

கேட்டவர்களுக்கு இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் செயினைத் தனியாக அனுப்பவும் மாட்டேன். அந்த அளவுக்கு நம்பிக்கை எனக்கு யார்மேலும் கிடையாது. நானே எடுத்துப்போய், நானே மாட்டிவிட்டு, டீ குடித்து, ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்து, கையோடு கழற்றிக்கொண்டு வருவேன்.

இந்தத் தடவை நான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் ஆரம்பித்தது. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தைக் கத்தியால் சுரண்டி, தூசியை வாயால் ஊத வேண்டும். எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். எதிரில் இருப்பவள் என் பக்கம் ஊதுவாள், நான் அவள் பக்கம் ஊதுவேன். ஒரு திங்கட்கிழமை எதிரில் இருந்தவளுக்குக் கன்னம் வீங்கியது. செயினோடு போனேன். இரண்டு மூன்று வாரம் கழித்து, கூட வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க நானும் செயினும் வீடு வீடாகப் போனோம். எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. தங்கம் கழுத்திலேயே கிடக்கும்போது எனக்கு எப்படி வரும் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அதே வாரம்தான் என் தம்பிக்குச் சேத்தியாத்தோப்பில் நிச்சயதார்த்தம். அப்பா அம்மா இல்லாத வீடு, அவனுக்கு நான்தான் எல்லாம். பெண்ணைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஆசையாக என் செயினைக் கழற்றி அவளுக்குப் போட்டு, கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். போட்டோ எடுத்து முடித்ததும் செயினைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கொடுத்துவிட்டு வரும் அளவுக்கு ஆசை இல்லை.

நிச்சயம் முடிந்து மூன்று வாரம் ஆகி, கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, காலையில் தம்பி எழுந்து வந்தான். கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு போண்டாவை அடக்கிக்கொண்டவன் மாதிரி இருந்தான். சகுனம் சரியில்லை என்று பெண் வீட்டில் நிறுத்திவிட்டால் என்ன செய்வது?

யாருக்கு எப்போது வீங்கியது என்று தெருவெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்த நர்ஸம்மா, தம்பியைப் பார்த்துவிட்டு, கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எல்லா வூட்லயும் ஒரே ஆளத்தான் சொல்றாங்க. நீங்க வந்து உக்காந்து பேசிட்டுப் போனப்புறம்தான் வூட்ல மத்தவங்களுக்கும் வீங்குச்சாம்."

"செயின் போட்டுவிடத்தான் போனேன். எனக்குத்தான் வீங்கவே இல்லியே."

"சில பேருக்கு வீங்காமலே வந்துட்டுப் போயிடும்ங்க. அவங்க பேசறப்ப, இருமறப்ப மத்தவங்களுக்கு ஒட்டிக்கும். எல்லாரையும் படுக்க வச்சிட்டா, அந்தக் கிருமிய யாரு ஊரெல்லாம் கூட்டிட்டுப் போவாங்க? ஆள நடக்கவிட்டுப் பரவத் தெரிஞ்சதாலதான் இத்தன காலமா தழைச்சிக்கிட்டு வருது."

"அப்ப செயினு?"

"அது பாவம், சும்மா கெடந்துச்சு."

எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு ஒரு வாய் காபி கூடக் கொடுக்கவில்லை. அவர் போனதும் உட்கார்ந்து நாளை எண்ணினேன். எண்ண எண்ண நிச்சயதார்த்தத்தில் வந்து நின்றது. கட்டிப்பிடித்தது, முத்தம் கொடுத்தது எல்லாம் ஞாபகம் வந்தது. பெண்ணின் அம்மாவுக்கு போன் போட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"நானே பேசணும்னு இருந்தேம்மா. பொண்ணுக்கு முந்தாநாளே ரெண்டு கன்னமும் வீங்கிடுச்சு. சொன்னா கல்யாணத்த நிறுத்திடுவீங்களோன்னு பயந்துகிட்டு இருந்துட்டோம். ஒங்க செயினு போட்டா வடிஞ்சிடுமாமே, கொஞ்சம் கொண்டாந்து போட்டுட்டுப் போறீங்களா?"

வாயை மூடிக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. 'கொண்டாரேன்' என்று சொன்னால் போதும், பழி என்மேல் வராது. ஆனால் நாளைக்கு அந்தப் பெண் என் வீட்டில் வளைய வரும்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவளிடம் பேசுவது?

"அத்த, செயினு ஒண்ணும் பண்ணாது. பொண்ணுக்கு ஒட்டவச்சதே நான்தான். நிச்சயத்தன்னைக்கு முத்தம் குடுத்தனே, அப்ப குடுத்தது. இங்க தம்பிக்கும் வீங்கித்தான் இருக்குது."

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அப்போது பெண் போனை வாங்கினாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவது போல் குழறியது.

"அண்ணி, சிரிக்க வைக்காதீங்க, கன்னம் வலிக்குது. எனக்குத்தான் வந்துடுச்சே, இனிமே என்ன பயம்? நீங்க வாங்க. ஆனா இந்தத் தடவ செயினத் திருப்பிக் கேக்கக் கூடாது."

அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. போட்டோவில் இரண்டு பேருக்கும் கன்னம் கன்னமாகத்தான் இருக்கிறது. செயின் அவள் கழுத்தில் இருக்கிறது.