ஒகேனக்கல்லில் வாங்கிய ஒரு வார்த்தை

"அருவியப் பாருங்க. பரிசல்ல போங்க. மீன் சாப்பிடுங்க. எல்லாம் செய்யுங்க. ஆனா கேக்க வேண்டியதக் கேக்காம மட்டும் வூட்டுக்கு வந்துராதீங்கப்பா!"

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் வைத்து என் மகள் கௌசல்யா எனக்குப் போட்ட உத்தரவு இது.

கேட்க வேண்டியது என்ன? ஒரே ஒரு வரி. 'கல்யாணத்துக்கு அப்புறமும் பொண்ணு வேலைக்குப் போகலாமுங்களா?'

யாரிடம்? பவானியிலிருந்து வருகிற என் சம்பந்தியிடம்.

கௌசல்யா தர்மபுரியில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலையில் இருக்கிறாள். பூ வைத்தாகிவிட்டது, தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைப் பையனுக்கு அவள் வேலைக்குப் போவதில் சந்தோஷம்தான். "ஆனா எங்கப்பா என்ன சொல்வாருன்னு தெரியல... பெரியவங்க பேசிக்கட்டும்" என்று போனில் நழுவிவிட்டானாம். அவளுக்கோ ராத்திரி தூக்கம் போய்விட்டது. பிடித்துச் செய்கிற வேலை. தாலி ஏறிய மறுநாள் யாராவது 'போதும், நின்னுக்கம்மா' என்று சொன்னால்? அதனால் முன்கூட்டியே அவர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். அதை நான் வாங்கி வர வேண்டும்.

நான்!

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். பஸ்ஸில் 'இறங்கணும்' என்று கத்தக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற ஆள். எழுதும்போது மட்டும் இந்தக் கூச்சம் வருவதில்லை. எதிரே நீங்கள் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் இத்தனை வருடத்தில் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன்.

'உங்கள் மனைவியைக் கேட்கச் சொல்லலாமே' என்பீர்கள். சொல்லலாம். ஆனால் அவள் கேட்டால் அது கேள்வி மாதிரி இருக்காது – தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும். கல்யாணத்துக்கு முன்பே சம்பந்திச் சண்டை வேண்டாம் என்றுதான் மகள் என்னைத் தேர்ந்தெடுத்தாள்.

சம்பந்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. இரண்டு தடவை சந்தித்ததில் அவர் பேசியது மொத்தமே 'சரிங்க', 'ஆகட்டுங்க', 'காப்பி போதுங்க'. இப்படிப்பட்டவர்களைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ரொம்பக் கறாரான மனிதர் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒகேனக்கல் யோசனை சம்பந்தியம்மாவுடையது. "ரெண்டு ஊட்டுக்காரங்களும் ஒரு நாளைக்குச் சும்மா வெளிய போய்ட்டு வரலாமுங்க. உங்க ஜில்லாதானே, நீங்களே சுத்திக் காட்டுங்கோ!"

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். தர்மபுரிக்காரனுக்கு ஒகேனக்கல் உள்ளங்கை மாதிரி என்று வெளியூரார் நினைக்கிறார்கள். நான் அங்கே போனதெல்லாம் ஆடிப் பதினெட்டுக்கு ஒரு முழுக்கு, இல்லாவிட்டால் யாருக்காவது கருமாதி. ஐம்பது வயது வரைக்கும் பரிசலில் ஏறியதில்லை! எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வேன் பிடித்து வருகிறார்கள். நாமோ 'பக்கத்துலதானே இருக்குது, எங்க ஓடிப் போயிரும்' என்று வாழ்நாளை ஓட்டிவிடுகிறோம்.

முதலில் முதலைப் பண்ணை. பெண்கள் முன்னால் போக, நானும் சம்பந்தியும் பின்னால். நல்ல சந்தர்ப்பம்தான். ஒரு முதலை வாயை அகலமாகத் திறந்துவைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. சம்பந்தி அதையே வெகுநேரம் பார்த்தார்.

"அசையவே மாட்டேங்குதுங்களே."

"ஆமாங்க."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. வாயைத் திறந்தும் ஒன்றும் சொல்லாத பிராணி... ஏதோ ஒரு வகையில் எனக்குச் சொந்தம் என்று தோன்றியது.

அடுத்து தொங்கு பாலம். கீழே காவிரி பாறைக்குப் பாறை முட்டிக்கொண்டு புகையாகப் பொங்குகிறது. முகத்தில் சாரல். அந்த இரைச்சலில் நான் கேட்டால் அவருக்குக் கேட்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்த இரைச்சல் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா?

செல்போன் அதிர்ந்தது. மகள். 'கேட்டீங்களா?'

போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

பிறகு மீன் வாங்கினோம். புதிதாகப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மீனை வாங்கி, அங்கே வரிசையாக அடுப்பு வைத்திருக்கிற பெண்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டால் போதும். பரிசல், குளியல் எல்லாம் முடித்துப் பசியோடு திரும்பும்போது குழம்பும் வறுவலும் தயாராக இருக்கும். "காரம் தூக்கலாவா, கம்மியாவா சாமி?" என்று சமையல்கார அம்மா கேட்க, என் மனைவி "தூக்கலா" என்றாள், சம்பந்தியம்மாவும் அதே நேரத்தில் "தூக்கலா" என்றார். இருவரும் சிரித்தார்கள். பெண்கள் சம்பந்தியாவது எவ்வளவு சுலபம்!

பரிசல்துறையில் நால்வருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்கள். சம்பந்தியின் வெள்ளைச் சட்டைக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் அது உட்கார்ந்ததும் ஆள் பாதி சாதாரணமாகிவிட்டார். ஆனால் பரிசலில் ஒரு தொல்லை. வட்டமாக உட்கார வேண்டும். முழங்காலோடு முழங்கால் இடிக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிரே ஒரு முகம். அதிலும் எனக்கு நேர் எதிரே சம்பந்தி முகம்!

இரண்டு பக்கமும் உயரமான பாறைச் சுவர். நடுவில் பச்சைத் தண்ணீர். இன்னொரு பரிசலில் கூல் டிரிங்க்ஸும் சிப்ஸும் அடுக்கிக்கொண்டு ஒரு மிதக்கும் கடை எங்கள் பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. பரிசல் ஓட்டுகிறவர் துடுப்பை ஒரு சுழற்றுச் சுழற்ற, பரிசல் தட்டாமாலை சுற்றியது. என் மனைவி குழந்தை மாதிரி கத்தினாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவளிடம் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. இத்தனை நாள் இங்கே அழைத்து வராமல் என்னதான் செய்துகொண்டிருந்தேன்?

சுற்றல் நின்றதும் சம்பந்தி அதிசயமாக வாயைத் திறந்தார். "நாங்களும் தெனமும் காவேரியப் பாக்கறமுங்க. எங்கூருக் கூடுதுறையில கம்முனு போவா. இங்க என்னங்க இத்தனை ஆட்டம்?"

பரிசல்காரர் சிரித்தார். "இங்க பொறந்த வூட்டு நெனப்புல ஆடறா சார். உங்கூருப் பக்கம் வந்தா மருமக மாதிரி அடங்கிருவா."

பாவம், அவருக்கு என்ன தெரியும், நாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று?

சம்பந்தியம்மா தண்ணீரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "நடுவால அணை கட்டிப்புட்டா யாருதான் அடங்க மாட்டாங்க?"

சம்பந்தி முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பிக்கொண்டார். இதற்குமேல் எங்கே கேட்பது?

கரைக்கு வந்ததும் பெண்கள் இருவரும் அவர்கள் குளிக்கிற பக்கம் போய்விட்டார்கள். போகும்போது மனைவி என்னைப் பார்த்த பார்வையிலேயே மகளின் உத்தரவு இன்னொரு தடவை கிடைத்தது. அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்ப் பாட்டிலோடு இரண்டு பேர் எங்களை மடக்கினார்கள். மாதேஷும் அவர் தம்பியும். எண்ணெய் தேய்த்து, உடம்பைப் பிடித்துவிடுகிறவர்கள்.

"ஒகேனக்கல் வந்து எண்ணெ தேய்க்காம போனா, வந்த கணக்கே இல்லீங்க சார். படுங்க!"

சம்பந்தி மறுப்பார் என்று நான் நினைத்தேன். நான் மறுப்பேன் என்று அவர் நினைத்தாராம். இரண்டு கூச்ச சுபாவக்காரர்கள் சேர்ந்தால் யாருமே 'வேண்டாம்' என்று சொல்வதில்லை. ஐந்தே நிமிடம்... நான் இடுப்பில் துண்டோடும், அவர் பட்டாபட்டி டவுசரோடும் வெயிலில் சுட்ட பாறைமேல் பக்கத்தில் பக்கத்தில் குப்புறக் கிடந்தோம். வெள்ளைச் சட்டையும் வேட்டியும் ஒரு மரத்தில் தொங்கின.

தொப், தொப் என்று முதுகில் விழுந்தது.

"ஒடம்ப லூசா வுடுங்க சார். கரண்ட் கம்பத்துக்கு எண்ணெ தேய்க்கற மாதிரி இருக்குது!" என்றார் மாதேஷ். "ரெண்டு பேரும் அண்ணன் தம்பிங்களா?"

"சம்பந்திங்க" என்றேன் பாறையைப் பார்த்து.

"அட, சம்பந்தியா! மாமன் மச்சான் வருவாங்க, பிரெண்ட்ஸு வருவாங்க. சம்பந்திங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் போட்டுத் தேய்க்கறது இதான் மொதத் தடவைங்க!"

பக்கத்துப் பாறையிலிருந்து 'ஹ்ம்' என்று ஒரு சத்தம். சிரிப்பா, வலியா தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது – சம்பந்தியின் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகமும் அவருக்குத் தெரியாது. என் மூக்குக்குக் கீழே பாறையும் ஓர் எறும்பும்தான். இதைவிட நல்ல இடம் இந்த ஜில்லாவிலேயே எனக்குக் கிடைக்குமா?

"சம்... பந்தி" என்றேன். ஒவ்வொரு தட்டுக்கும் வார்த்தை உடைந்தது. "பொண்ணு... கல்யாணத்துக்கு அப்... புறமும்... வேலைக்குப் போகட்... டுமுங்களா?"

மாதேஷின் கை நின்றுவிட்டது. தம்பியின் கையும் நின்றுவிட்டது. இரண்டு பேரும் பதிலுக்குக் காத்திருப்பது என் முதுகுக்கே தெரிந்தது.



எறும்பு ஒரு விரிசலைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. அவசரப்பட்டுவிட்டேனோ? பூ வைத்த கல்யாணத்தைப் பாறைமேல் போட்டு உடைத்துவிட்டேனோ? மகளுக்கு என்ன பதில் சொல்வேன்?

"ஏனுங்க சம்பந்தி..." என்றார். "இதை நானே உங்ககிட்டக் கேக்கோணும்னுதானுங்க வந்தேன். காலையில இருந்து வாய் வரலீங்க."

நான் தலையைத் தூக்கப் பார்த்தேன். "படுங்க சார்" என்று மாதேஷ் அழுத்திவிட்டார்.

"நானாப் போயி 'பொண்ணு வேலைக்குப் போகுமா'ன்னு கேட்டா, சம்பளத்துக்கு ஆசைப்படறான்னு நெனைச்சுப்புடுவீங்களோன்னு பயமுங்க." பிறகு அவரே தொடர்ந்தார். "எங்கூட்டுக்காரி கல்யாணத்துக்கு முன்னால பால்வாடி டீச்சருங்க. கொழந்தைங்கன்னா உசுரு. எங்கப்பா ஒரே வார்த்தை சொன்னாரு, நின்னுட்டா. நானும் பக்கத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கலீங்க. இன்னைக்கும் சண்டைன்னா அங்கிருந்துதான் ஆரம்பிப்பா. பரிசல்ல சொன்னாளே, கேட்டீங்கல்ல? அது ஆத்துக்குச் சொன்னதில்லீங்க, எனக்கு."

எறும்பு விரிசலைத் தாண்டித் திரும்பி வந்தது.

"உங்க பொண்ணு தாராளமா வேலைக்குப் போகட்டுமுங்க. எங்கூட்டுல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இது என் வார்த்தைங்க."

கறாரான மனிதர் என்று நினைத்தேனே... என்னை மாதிரியே இன்னொரு ஆள்! அவ்வளவுதான். காலையிலிருந்து இரண்டு பேரும் ஒரே கேள்வியைத் தூக்கிக்கொண்டு முதலையையும் பாலத்தையும் சுற்றி வந்திருக்கிறோம்.

"பேச்சு முடிஞ்சுதுங்களா?" என்றார் மாதேஷ். "அப்படின்னா திரும்பிப் படுங்க. முன்பக்கம் தேய்க்கணும்."

திரும்பினோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அருவிக்கடியில் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, சம்பந்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். தலையில் அவ்வளவு தண்ணீர் விழும்போது எந்த முகத்தில் என்ன கூச்சம் இருக்க முடியும்?

அடுப்படிக்குத் திரும்பினோம். இலை போட்டாகிவிட்டது. மனைவி புருவத்தை உயர்த்தினாள். நான் தலையாட்டினேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"என்னாங்க, நெசமாவே கேட்டீங்களா? என்ன சொன்னாரு?"

சம்பந்தியே பதில் சொன்னார், இலையைப் பார்த்தபடி. "பொண்ணு வேலைக்குப் போகட்டுமுன்னு சொல்லிட்டனுங்க."

சம்பந்தியம்மாவின் கை, மீன் துண்டோடு அப்படியே நின்றது. "நீங்களா? உங்க வாயாலயா?"

"ஆமா."

சம்பந்தியம்மா வறுவல் தட்டைக் கிளறி, இருப்பதிலேயே பெரிய துண்டாக எடுத்துக் கணவரின் இலையில் வைத்தார். காரம் தூக்கல்தான். அந்த அம்மாவின் கண்ணில் தண்ணீர் வந்தது காரத்தால்தான் என்று நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

பாலத்தோடு போன டவர், திரும்பும்போது பென்னாகரம் தாண்டிய பிறகுதான் மறுபடி கிடைத்தது. மகளிடமிருந்து வரிசையாகச் செய்திகள். 'கேட்டீங்களா?' 'அப்பா?' 'அம்மாகிட்ட போனக் குடுங்க.'

'கேட்டுட்டேன். போகச் சொல்லிட்டாரு' என்று அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. 'அப்பாாாா! நீங்களா? எப்படிக் கேட்டீங்க?'

யோசித்து, ஓர் எழுத்து விடாமல் உண்மையை அனுப்பினேன். 'குப்புறப் படுத்துக்கிட்டு.'

ஐந்து கேள்விக்குறிகள் வந்தன. விளக்கமாகச் சொல்லியிருக்கலாம்... எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.