எதுக்கு இந்த டெஸ்ட்?

உப்பு வாரிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வெயில் தாங்காமல் பாத்தியிலேயே சுருண்டு விழுந்தார். மரக்காணத்தில் முதலுதவி செய்து, கிட்னி பாதித்திருக்கலாம் என்று புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் பொம்மையார்பாளையம் தாண்டும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தினமும் விடியும்போதே ரத்தம் எடுக்க வந்துவிடுவார்கள். கிட்னிக்கு, ஈரலுக்கு, தைராய்டுக்கு, கொழுப்புக்கு என்று குழாய் குழாயாகப் போகும். ஈரலும் தைராய்டும் நன்றாக இருப்பதாக முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மறுநாளும் அதே டெஸ்ட். உப்பு வாரிய கைகள் இரண்டும் கருநீலமாகக் கன்றிப்போயின. நரம்பு கிடைக்காமல் புறங்கையில் குத்தினார்கள். நிறைய டெஸ்ட் எடுத்தால் நிறைய அக்கறை என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் அந்த வார்டுக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்தார். கன்றிய கையைப் பார்த்தவர், பழைய ரிசல்ட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பொறுமையாகப் படித்தார். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்ததும், கிட்னி டெஸ்ட் மட்டும் தொடரலாம், மற்றவை வேண்டாம் என்றார். எதையாவது கோட்டைவிட்டால் யார் பொறுப்பு என்று பெரியவர் கேட்டார்.

"நான் சார். காலையிலயும் சாயங்காலமும் நானே வந்து பாத்துடறேன்."

மறுநாளிலிருந்து கிட்னி டெஸ்ட் மட்டும்தான் எடுத்தார்கள். எங்களைக் கைவிட்டுவிட்டார்களோ என்று டாக்டரம்மாவிடமே போய் அழுதேன். அவர் என்னை உட்காரவைத்து, மூத்திரம் நன்றாகப் போவதையும், இவர் சாப்பிட ஆரம்பித்ததையும், கால் வீக்கம் வடிந்ததையும் எடுத்துச் சொன்னார். வாக்குக் கொடுத்தபடி வரவும் செய்தார். டூட்டி முடிந்து பையை மாட்டிக்கொண்ட பிறகும் வந்து, நாடி பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

ஒரு சாயங்காலம் இவருக்குக் குளிரில் உடம்பு உதறியது. டாக்டரம்மா நெற்றியைத் தொட்டதுமே ரத்தம் எடுக்க ஊசியைக் கையில் எடுத்தார்.

"வேணாம்னு சொன்னீங்களே, இப்ப மட்டும் எதுக்குங்க?"

"அன்னிக்கு புதுசா தெரிஞ்சிக்க ஒண்ணும் இல்லக்கா. இப்ப இருக்குது."

சலைன் ஏற்றக் கையில் செருகியிருந்த ஊசி வழியாகக் கிருமி ஏறியிருந்தது. அதை எடுத்துவிட்டு மருந்தை மாற்றினார். காய்ச்சல் இறங்கியது. கிட்னியும் மெல்ல மெல்லத் தேறியது.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன காலையில், பெரிய டாக்டர் பக்கத்துக் கட்டிலில் நின்று, டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்த ஒரு மாணவரிடம், "இதுல நமக்கு என்னப்பா தெரியணும்?" என்று கேட்டார். பெரியவர் டாக்டரம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவரையும் எனக்குப் பிடித்துப்போனது.