ஐஸ் பெட்டி நின்றுபோன ஒரு மணி நேரம்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் புரட்டும் உறவுகளும் நண்பர்களும் என் எழுத்தில் அமைதியை எதிர்பார்க்க வேண்டாம். ஓராண்டாக ஓரிடத்தில் உட்கார முடியாதவள் எழுதுகிறேன்.

கடலூர் மாவட்டத்தில் அண்ணன் பிறந்த ஊர் இன்று இல்லை. நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. புதுச்சேரிக்கு வந்து, தட்டாஞ்சாவடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் முடியும்வரை உழைத்தார். ஆளில்லாத அறையில் மின்விசிறி சுற்றினால் அவருக்குப் பொறுக்காது.

"நம்ம ஊரத் தோண்டித்தான் இந்தக் காத்து வருது. யாருமே இல்லாம அத ஏன் சுத்த விடறீங்க?" என்பார்.

கடைசியாக வெளியேறுபவர் எல்லா சுவிட்சையும் அணைக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அவரைக் கஞ்சன் என்று நான் சொன்னதுண்டு. ஆனாலும் கை பழகிவிட்டது. படுக்கையில் விழுந்த பிறகும், "ஹால் லைட்டு எரியுதா?" என்றே கேட்பார்.

பிரான்சிலிருந்து அவர் மகன் வரும்வரை மூன்று நாள் அண்ணனை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். கார் ஊருக்குள் வந்துவிட்டதாகப் போன் வர, எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். அண்ணி மட்டும் பெட்டியருகே இருந்தார். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட கார் வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது.

மகன் பெட்டியைத் தொட்டதும் அலறினான். "இன்னா அத்தை, பெட்டி ஓடவே இல்லியே!"

பெட்டியைத் திரும்ப எடுத்துப்போக வாசலில் காத்திருந்த பெட்டிக்காரர் மேல் உறவினர்கள் பாய்ந்தார்கள். நானும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் சுவரைப் பார்த்தார், சுவிட்சைப் போட்டார். "ஒயரு லூசாயிடுச்சிங்க, மன்னிச்சிக்குங்க" என்றார்.

ஒயர் லூசாகவில்லை. கடைசியாக வெளியேறியவள் நான். ஓடுகிற ஓட்டத்தில் கை தானாகப் போய் அணைத்திருக்கிறது. சுவிட்ச் சத்தம் கேட்டபோதே எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அண்ணனைத் தூக்கிச் சென்ற பட்டறைத் தோழர்களுக்கும், மூன்று நாளும் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. செய்யாத தவறைத் தலையில் ஏற்றுக்கொண்ட அந்தப் பெட்டிக்காரரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க இந்த மலருடன் போகிறேன்.

போன வாரம் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா. பெட்டி சத்தம் நின்னுதா, ஒரு நிமிஷம் உங்க அண்ணனே எழுந்து வந்து அணைச்சிட்டாருன்னு நெனச்சிட்டேன். அதான் நான் போடவே இல்ல."