மீன் பைக்குக்கு ஒரு ரேஸ் கேம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ரொட்டி மாவில் ஓர் உருண்டை மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்குள் போனது.

தவறி விழவில்லை. ஒரு மெக்கானிக், கையைக் கழுவி, எண்ணெய் தொட்டு, நிதானமாகக் கொண்டுபோய் வைத்தார். எஞ்சினுக்கு ரொட்டி மா எதற்கு என்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன்… கொஞ்சம் பயந்துபோய்.

பீற்றர் என் மனைவி ஸ்டெல்லாவின் தம்பி. எத்தாளையில் கரைக்கு வரும் மீனை விடியவே எடுத்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு புத்தளம் தாண்டி வண்ணாத்திவில்லு வரை போய் விற்பவன். ஒற்றைச் சிலிண்டர், சின்ன எஞ்சின். அந்தப் பைக் ஓடினால்தான் அவன் வீட்டில் நாலு பேருக்குச் சாப்பாடு. ஞாயிறு மட்டும் ஓய்வு. எங்கள் கத்தோலிக்க ஆட்கள் அன்றைக்குக் கடலுக்குப் போவதில்லை.

கொஞ்ச நாளாக அவனுக்கு ஒரு கவலை. இன்னொருவன் பெரிய பைக் ஒன்றில் அதே ஊருக்கு மீன் கொண்டு போகிறான். பீற்றர் போய்ச் சேரும்போது பாதி வீடுகளில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது.

"அத்தான், அவன் பறக்கிறான். நான் உருட்டிக்கொண்டு போறன்" என்றான்.

இங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையாவது வாசித்தால், அது எனக்குச் செய்யவும் தெரியும் என்று நினைத்துவிடுவேன். ஒரு போல்ட்டை ஒழுங்காகக் கழற்ற வராது. ஆனால் எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று ஒரு மணி நேரம் விடாமல் கதைப்பேன்!

"கேம் மாத்து மச்சான்" என்றேன்.

எஞ்சினின் தலைப் பகுதியில் ஒரு குட்டித் தண்டு சுழல்கிறது. அதில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். வால்வுகளைத் திறப்பது அந்த மேடுகள்தான். இந்தத் தண்டைத்தான் கேம் என்கிறார்கள். மேடு உயர்ந்தால் வால்வு கூடுதலாகத் திறக்கும். கூடுதலான காற்றும் பெற்றோலும் உள்ளே போகும். வேகம் கூடும். இவ்வளவும் நான் வாசித்தது. இதற்கு மேல் வாசிக்கவில்லை என்பதுதான் பிரச்சினை.

இணையத்தில் தேடி, 'ரேஸ் கேம்' என்று ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததும் நான்தான். பார்சல் வந்த அன்று பீற்றர் தயங்கினான்.

"நஸீர் நானாட்டக் குடுப்பமா அத்தான்?"

முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே 'நானா' என்போம். நஸீர் நானா கல்பிட்டி றோட்டில் கராஜ் வைத்திருப்பவர். அவர் சின்னவராக இருந்தபோது மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். இந்தப் பக்கத்து மீன் பைக்குகளில் பாதி அவர் கையால் ஓடுகின்றன. கொடுத்திருக்கலாம்… ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"என்னத்துக்கு? வீடியோ இருக்கு."

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் என் வீட்டுப் பின்பக்கத்தில் சாக்கை விரித்துத் தொடங்கினோம். கைபேசியை நான் பிடித்தேன், வேலையை அவன் செய்தான். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, அடையாளத்தில் நிறுத்தினோம். செயின் உள்ளே விழுந்துவிடாமல் கம்பியால் கட்டினோம். பழைய கேம் வெளியே, புதுக் கேம் உள்ளே. பற்சக்கரத்தின் கோடு வீடியோவில் காட்டியது போலவே நேராக நின்றது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

கடைசியாக, வால்வு இடைவெளியைச் சரிபார்க்க மெல்லிய தகட்டுக் கேஜ் வேண்டும். எங்களிடம் இல்லை. பீற்றர் நஸீர் நானாவிடம் இரவல் கேட்கப் போனான். கேஜ் வந்தது — கூடவே நஸீர் நானாவும் வந்தார்.

"ஞாயித்துக்கிழமையில இவன் ஏன் கேஜ் கேக்கிறான் எண்டு பாக்க வந்தன். என்ன செய்றீங்க ரெண்டு பேரும்?"

நான் விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். அவர் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. சாக்கில் கிடந்த பழைய கேமை எடுத்து அதன் மேட்டைப் பெருவிரலால் தடவினார். பிறகு குனிந்து உள்ளே இருந்த புதிதைப் பார்த்தார்.

"சேர், இது வால்வ எவ்வளவு கீழ தள்ளும் எண்டு பாத்தீங்களா?"

"வீடியோவில…"

"வீடியோவில ஓடுற எஞ்சின் வேற. அதில வால்வு இறங்க பிஸ்டன்ல குழி வெட்டியிருப்பாங்க. இதில அப்பிடி இல்ல. வால்வு கீழ வரக்குள்ள பிஸ்டன் மேல வந்தா?"

நான் கைபேசியில் வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். குழி பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

"பிள்ளைகள் உருட்டி விளையாடுற களி இருக்கா வீட்டில?"

இல்லை. ஆனால் குசினியில் ஸ்டெல்லா ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார்.

"தேங்காய்ப்பூ போட முதல் ஒரு உருண்டை தாங்க தங்கச்சி" என்றார் நஸீர் நானா.

மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார். பிஸ்டனின் தலையில், வால்வு இறங்கும் இடங்களில் மாவை அப்பினார். மீண்டும் மூடி, இறுக்கி, கேமையும் செயினையும் பூட்டி, எஞ்சினைக் கையால் மெல்ல இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு திறந்து, வால்வு அமுக்கிய இடத்தைச் சவர பிளேட்டால் வெட்டி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

மாவுக்குள்ளால் வெளிச்சம் தெரிந்தது.

"ஒரு காசுக் குத்தி தடிப்பாவது இருக்கணும் சேர். இது பேப்பர். கையால சுத்தக்குள்ள தட்டாது. வேகம் எடுக்கக்குள்ள தட்டும். வால்வு வளையும், பிஸ்டன் உடையும்."

"எவ்வளவு தூரம் போயிருப்பன் நானா?" என்றான் பீற்றர்.

"புத்தளத்துக்கு முன்னால, பாலாவி வரைக்கும் நீ போயிருப்பா. பெட்டியோட."

அந்தக் கனத்தோடு, அந்த வேகத்தில், எஞ்சின் இறுகி நின்றால் பைக் மட்டுமா போகும்? ஆனால் பீற்றர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

கவனித்திருக்கிறீர்களா? துணிச்சலான யோசனைகளை நாங்கள் எப்போதும் அடுத்தவன் எஞ்சினுக்குத்தான் சொல்கிறோம். என் பைக்கில் நான் ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டியது கிடையாது.

நஸீர் நானா அதோடு விடவில்லை.

"சரி, குழி வெட்டித் தாறன் எண்டு வையுங்க. அப்பவும் வேணாம். டேய் பீற்றர், நீ ரேஸ் ஓடுறியா, மீன் விக்கிறியா? இந்தக் கேம் வேகத்தில நல்லா ஓடும், மெதுவா ஓட விட்டா நிண்டுபோகும். நீ வாசலுக்கு வாசல் உருட்டிக்கொண்டு, ஹோர்ன் அடிச்சு, வீட்டுக்காரங்க சட்டியைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்கு வரும் வரைக்கும் காத்து நிக்கிறவன். இதைப் போட்டா எங்கயும் நிக்க ஏலாது, அவங்க கேற்றடிக்கு வரக்குள்ள நீ அனுராதபுரத்தில நிப்பா!"

அன்று முதல்தடவையாகப் பீற்றர் சிரித்தான்.

பழைய கேமே திரும்ப உள்ளே போனது. நஸீர் நானா நடுவில் போய்ப் பின்னேர அஸர் தொழுகையை முடித்துவிட்டு, கையோடு எஞ்சின் மூடிக்கு இடையில் வைக்கும் புதுக் கேஸ்கட் ஒன்றும் கொண்டு வந்தார். கேஜை வைத்து வால்வு இடைவெளியைப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"கடைசியா இதைப் பாத்தது எப்ப?"

"வாங்கினாப் பிறகு…" என்று இழுத்தான் பீற்றர். அதற்கும் ஏச்சு விழுந்தது.

இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்தது. பழைய சத்தம்தான், ஆனால் கரகரப்பு இல்லை. அங்கேயே சாக்கில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் ஸ்டெல்லா மாச் சட்டியோடு வெளியே வந்தார். நஸீர் நானா ஏசியதைக் குசினி ஜன்னலால் கேட்டிருக்கிறார் போல.

"நாளைக்குப் பிழைப்பு இருக்கிற பைக்கை ஆர் கழட்டச் சொன்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பீற்றர் முந்திக்கொண்டான்.

"நான்தான் அக்கா. எனக்குத்தான் ஆசை. அத்தான் வேணாம் எண்டுதான் சொன்னவர்."

விழுந்தது பாருங்கள் ஏச்சு… பத்து நிமிஷம் இருக்கும். பிள்ளைகளைப் பற்றி, புத்தியைப் பற்றி, செத்துப்போன அப்பாவின் பொறுமையைப் பற்றி. அவன் தலையைக் குனிந்து கையிலிருந்த கிறீஸைத் துடைத்துக்கொண்டே நின்றான். நஸீர் நானா என்னைப் பார்த்தார். நான் செம்பரத்தைச் செடியைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை மத்தியானம் பீற்றர் போன் கோல் எடுத்தான். "இண்டைக்கும் அவன்தான் முதல் வந்தவன் அத்தான். ஆனா சின்னச் சின்ன உள் ஒழுங்கையளுக்க அவன் போறேல்லயாம். அங்க போய் வித்தன், என்ர பெட்டி காலி."

நல்ல செய்தி. நிம்மதியான செய்தி. ஆனால் ஞாயிறு பற்றி அவன் ஒரு சொல் கதைக்கவில்லை. அதுதான் இந்த வாரம் முழுக்க என்னை அரித்தது.

பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியை ஸ்டெல்லா ஒரு வரி விடாமல் வாசிப்பார். அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கேம் மாத்தச் சொன்னது நான். வரவழைத்தது நான். நஸீர் நானாவிடம் போக வேண்டாம் என்றதும் நான்.

பீற்றர், அந்தப் பத்து நிமிஷத்தை இனி நான் வாங்கிக்கொள்கிறேன்.