முற்றத்துக்குக் கூரை எதற்கு

தாஜ் நிஷாவின் சாப்பாட்டுக் கடை, அமெரிக்காவில், கலிபோர்னியாவின் குபெர்டினோவுக்குப் பக்கத்து ஊரில், எண்பது வருடங்களுக்கு முன் ஸ்பானியப் பாணியில் கட்டிய ஒரு முற்றத்துக்குள் இருந்தது. வெள்ளைச் சுவர்கள், சிவப்பு ஓடு, வளைவு வளைவாகத் தாழ்வாரம், நடுவில் நீரூற்று. சுற்றிலும் மெக்சிகன் ரொட்டிக்கடை, பூக்கடை, தையற்கடை. கணவர் அபுதாஹிரின் ஐடி வேலைக்காகக் கீழக்கரையிலிருந்து வந்தவர் அவர். நீரூற்றைச் சுற்றி மேஜை போட்டு நெய்ச்சோறும் தாளிச்சாவும் பரிமாறுவார்.

2006இல் கட்டடம் கைமாறியது. நீரூற்றை எடுத்துவிட்டு, முற்றத்தைக் கண்ணாடிக் கூரையால் மூடி, ஃபுட் கோர்ட் ஆக்கப்போவதாகப் புது உரிமையாளர் சொன்னார். மற்ற கடைக்காரர்கள் அரைமனதாக ஒப்புக்கொண்டார்கள். தாஜ் நிஷா மட்டும் முடியாது என்றார். நகர மன்றக் கூட்டத்தில் பேசப் பெயரும் கொடுத்துவிட்டார்.

அபுதாஹிருக்குப் பயம். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு பல முஸ்லிம்களுக்கு நடந்ததுபோல, அவர்களுடைய சிட்டிசன்ஷிப் விண்ணப்பமும், பெயரைச் சரிபார்க்கிறோம் என்ற பதிலோடு கிடப்பில் கிடந்தது.

“இந்த நேரத்துல மைக் முன்னாடி போய் நிக்கணுமா நிஷா? சைலண்ட்டா இருந்துடலாமே.”

“இத்தனை நாளும் சைலண்ட்டாத்தாங்க இருந்தோம். அதுக்காக நம்மள சீக்கிரம் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாங்களா?”

கூட்டத்தில் உரிமையாளரின் வக்கீல் பெரிய பெரிய படங்களைக் காட்டினார். அடுத்து தாஜ் நிஷா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அந்த வானத்தையும் சேர்த்துத்தான் லீஸ் எடுத்தேன், அதை மூட இவர் யார் என்று கேட்டார். நேரம் முடிந்தது என்று மணி அடித்தும் உட்காரவில்லை; சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தார். பின்வரிசையிலிருந்த ரொட்டிக்கடைக்காரர் எழுந்து, தனக்கும் கூரை வேண்டாம் என்றார். மன்றம் அனுமதி மறுத்தது.

அடுத்த வருடம் உரிமையாளர் தாஜ் நிஷாவின் லீஸைப் புதுப்பிக்கவில்லை. இனித் திட்டங்களை எதிர்க்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் யோசிக்கலாம் என்று மேனேஜரை அனுப்பினார். அந்த வார்த்தை தன் வாயில் வராது என்று சொல்லி, தாஜ் நிஷா பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினார்.

அபுதாஹிர் லீவு போட்டுவிட்டு வந்து, பிரியாணி அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

“இன்னும் பயமா இருக்கா?” என்று கேட்டார் தாஜ் நிஷா.

“இருக்கு. நல்லா புடி, வெயிட்டா இருக்கு.”

ஃப்ரீவே ஓரத்தில், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு சாதாரணக் கடைக்கு மாறினார்கள். முதல் நாளே தாஜ் நிஷா இரண்டு மேஜைகளைத் தூக்கி வெளியே வெயிலில் போட்டார். யாரிடமும் கேட்கவில்லை.