நான் வெட்டிய தகர விளிம்பு

சுதந்திரம் வந்த வருடம் பண்டார் ஹிலிரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தேன். பக்கத்துக் காஜா பேராங் பகுதித் தபால்காரர் ஒருவர் பழைய படப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். கண்களைச் சுற்றி அவருக்குச் சிவப்பாக ஒரு தடம் இருந்தது. பெட்டிக்குள் ஒரே காட்சியின் இரண்டு படங்கள்; இரு கண்ணாலும் பார்த்தால் ஒன்றாகி, ஆள் எதிரே நிற்பதுபோல் இருக்கும். நின்றது அவருடைய ஐந்து வயது மகள். ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் காய்ச்சலில் போனவள். தினமும் அவளைப் பார்த்துவிட்டுத்தான் தபால் பையை மாட்டுவாராம்.

பெட்டியில் விரிசல் விட்டிருந்த பார்வைக் கண்ணாடியை மாற்றச் சொன்னார். மாற்றினேன். முகத்தில் அழுந்தும் தகர விளிம்பால்தானே அந்தத் தடம் என்று, கேட்காமலே அதையும் வெட்டியெடுத்தேன். என் கைக்கு எப்போதும் அவசரம்.

மறுநாள் கடைக்கு வந்து பார்த்தவர் பெட்டியை மெல்ல இறக்கினார்.

"இப்ப வலிக்கலதானே அண்ணே?"

"வலிக்கல தம்பி. ஓரத்துல உங்க கடை தெரியுது."

வேறு தகரம் வைத்துத் தருகிறேன் என்றேன்.

"வேணாம் தம்பி. வெறும் படம்னு பாத்துட்டேன்ல."

அதன்பிறகு தெருவில் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு மங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் அவர் முகத்தில் எதுவுமே இல்லை.