வட்டம் சேராத மெஷினும் யோகேஸ்வரியின் கையும்

‘ஒப்பரேட்டர் எரர்.’

நீல மையில், இரண்டே இரண்டு வார்த்தை. கீழே ஒரு கையெழுத்து. போன வாரம் என் கடைக்கு வந்த டெக்னீஷியன் கொடுத்துவிட்டுப் போன சர்விஸ் ரிப்போர்ட்டில் மற்ற இடமெல்லாம் வெறுமை. நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. பாதிக் கோபம் அவர் மேல். மீதி யார் மேல் என்று சொல்லத்தான் இந்த வாரப் பத்தியை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பதுளை டவுனில் எனக்கு ஒரு ஸ்டிக்கர் கடை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். லொறிக் கண்ணாடி எழுத்து, கடை போர்ட், ஸ்கூல் வேன்... எல்லாம் செய்கிறோம். அதற்கு ஒரு மெஷின், பெயர் பிளொட்டர். உள்ளே ஊசி முனை போல ஒரு கத்தி இடமும் வலமும் ஓடும். ஸ்டிக்கர் ரோலை ஓர் உருளை முன்னும் பின்னும் இழுக்கும். இரண்டும் ஒத்துப் போனால் கொம்பியூட்டரில் வரைந்த எழுத்து அப்படியே வெட்டுப்படும். வேண்டாத பகுதியை உரித்துப் போட்டால் எழுத்து மட்டும் நிற்கும்.

அதை இயக்குபவர் யோகேஸ்வரி. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறார். கொழும்பில் ஒரு கார்மென்ட்ஸில் துணி வெட்டும் பிரிவில் ஏழு வருடம் இருந்தவர். என்னிடம் வந்து நாலு வருடம். இந்த நாலு வருடத்தில் கடைக்கு நல்ல பெயர் இருக்கிறதென்றால் அது என் பேச்சால் வந்ததல்ல, அவர் வெட்டிய எழுத்தால் வந்தது.

இரண்டு மாதமாகத்தான் தொல்லை. வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து முடிவதில்லை. ஒரு நூல் தள்ளி முடிகிறது. காலையில் சரியாக வெட்டிய மெஷின் மத்தியானம் கோணல் வெட்டும். ஒரே வரியில் முதல் எழுத்து அழகு, நாலாவது எழுத்து அலங்கோலம். எப்போதும் தப்பு என்றால் திருத்திவிடலாம். சில நேரம் சரி, சில நேரம் தப்பு என்றால் எங்கே போய்ப் பிடிப்பது?

யோகேஸ்வரி கத்தியை மாற்றினார். உருளையில் ஒட்டிய தூசியைத் துடைத்தார். ரோல் இழுபடாமல் தளர்வாக விட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

வெலிமடையிலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றிப் போகும் லொறிக்காரர் செல்வராஜ், நாங்கள் ஒட்டிய எழுத்தை போனில் படமெடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“என்னங்க இது? அம்மன் துணைன்னு எழுதச் சொன்னா, அம்மன்ல ஒரு புள்ளியும் உருப்படியா இல்ல. பாதி நிலா மாதிரி தொங்குது. ரெண்டாவது வாட்டி வர்றேன். ரோட்டுல பாக்குறவனெல்லாம் சிரிக்கிறான்!”

யோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்றைக்கே நான் மெஷின் வாங்கிய கம்பெனிக்குப் போன் செய்தேன்.

டெக்னீஷியன் வந்தார். இதே ஆள்தான் இரண்டு மாதத்துக்கு முன் வந்து மெஷினுக்குப் பெல்ட் மாற்றியவர். பிளேன்டீ குடித்தார். தீப்பெட்டி அளவில் ஒரு சதுரம் வெட்டினார். சரியாக வந்தது.

“மெஷின் ஓகே மேடம். யார் இத ஒப்பரேட் பண்றது?”

யோகேஸ்வரி முன்னால் வந்தார். என்ன கோளாறு, எப்போது வருகிறது, எந்தப் பக்கம் வருகிறது — இதில் எதையாவது கேட்டாரா? இல்லை. கேட்டது வேறு.

“எது வரைக்கும் படிச்சீங்க?”

“ஓ லெவல் வரைக்குமுங்க.”

“ஊர்?”

“நமுனுகுல பக்கம். தோட்டமுங்க.”

“ஆங்...”

அந்த ‘ஆங்’ இருக்கிறதே! அதற்கு அகராதி வேண்டியதில்லை. தோட்டத்தில் பிறந்து டவுனில் வேலை தேடிய எவருக்கும் அது என்னவென்று தெரியும்.

“சார், சின்னதா வெட்டுனா சரியாத்தான் வரும். பெருசா, வேகமா ஒருவாட்டி வெட்டிப் பாருங்களேன்” என்றார் யோகேஸ்வரி.

“எனக்கு பண்டாரவளையில இன்னொரு வேல இருக்கு. மேடம், இந்த மாதிரி மெஷினுக்கெல்லாம் ட்ரெய்ன் பண்ணின ஆள் வேணும்.”

பேனாவை எடுத்தார். எழுதினார். போய்விட்டார். மொத்தம் இருபது நிமிடம். நாலு வருட வேலைக்கு இருபது நிமிடத்தில் தீர்ப்பு!

சரி, அவர் போனார். நான் என்ன செய்தேன்? இந்தப் பத்தியில் ஊர் உலகத்துக்கெல்லாம் நியாயம் சொல்கிறவள் அல்லவா நான்? அந்தத் தாளை ஒழுங்காக ஃபைலில் போட்டேன். பிறகு சொன்னேன்:

“யோகேஸ், கொஞ்ச நாளைக்கு நீ கவுண்டரப் பாரு. மெஷின நான் பாத்துக்கிறேன்.”

“நீங்களும் நம்புறீங்களாக்கா?”

நான் பில் புத்தகத்தைப் புரட்டுவது போல நடித்தேன்.

அவர் ஒன்று மட்டும் சொன்னார்: “எங்க அம்மாவுக்குக் கொழுந்து நிறுக்கிற தராசு. எனக்கு இந்த மெஷின்.”

அவருடைய அம்மா நாள் முழுக்கப் பறித்த கொழுந்து நிறுக்கும்போது குறைந்து போகும். ஏன் குறைகிறது என்று ஒருநாள் நிறுக்கிறவரிடம் கேட்டதற்கு, தராசு பொய் சொல்லாது, நீ இன்னும் வேகமாகப் பறி என்று பதில் வந்ததாம். முன்பொரு முறை சாப்பாட்டு நேரத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நான் எவ்வளவு ஆவேசப்பட்டேன் தெரியுமா? தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கே போய்ச் சண்டை போடுகிறவள் மாதிரி...

அடுத்த நாள் மெஷினை நான் ஓட்டினேன். செல்வராஜின் அம்மன் துணைதான். முதல் மூன்று எழுத்து அருமை. அதற்குப் பிறகு வந்த புள்ளி பிளந்துகொண்டது. ‘ணை’ கழிவோடு சேர்ந்து உரிந்து வந்தது. மூன்று தரம் வெட்டினேன். மூன்று தரமும் வேறு வேறு விதமாகக் கோணல்.

டெக்னீஷியனுக்குப் போன் செய்தேன். “இப்ப நான்தான் ஓட்டுறேன். எனக்கும் அதேதான் வருது.”

“அது ஒண்ணும் இல்ல மேடம்! செட்டிங் கொஞ்சம் மாறியிருக்கும். மெஷின்னா அப்படித்தான். ஒங்க தப்பு இல்ல.”

கேட்டீர்களா? அதே மெஷின். அதே ரோல். அதே எழுத்து. யோகேஸ்வரி வெட்டினால் அவர் கையில் குற்றம். கடை முதலாளி வெட்டினால் செட்டிங் மாறியிருக்கும்! இத்தனைக்கும் எனக்கு அந்த மெஷினில் பாதி பட்டன் எதற்கென்றே தெரியாது.

போனை வைத்துவிட்டுக் கவுண்டருக்குப் போனேன்.

“யோகேஸ்... எனக்கும் அப்படித்தான் வருது.”

“தெரியுங்க. நீங்க உரிக்கிற சத்தத்துலயே தெரிஞ்சது.”

“வந்து பாரேன்.”

அவர் எழுந்திருக்கவில்லை. “நான் தொட்டு இன்னும் ஏதாவது ஆனா, அதுவும் என் தலையிலதான வரும்?”

“வராது. நான் பக்கத்துலயே நிக்கிறேன்.”

அவர் பிறகு எழுந்து வந்தார்.

முதலில் கத்தியைக் கழற்றினார். அந்த இடத்தில் பேனா ஒன்றைப் பொருத்தினார். ஸ்டிக்கருக்குப் பதில் வெள்ளைத் தாள். ஒரு பெரிய சதுரத்தை, முழு வேகத்தில், ஒரே இடத்தில் ஐந்து தரம் வரையச் சொல்லி மெஷினுக்குக் கட்டளை கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இப்ப கத்தி இல்ல. ஸ்டிக்கர் இல்ல. என் கையும் இல்ல. பாருங்க.”

பார்த்தேன். சதுரத்தின் இடது வலது கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே கோடு போல விழுந்திருந்தன. மேல் கோடும் கீழ்க் கோடும் மட்டும் ஐந்து நூலாகப் பிரிந்து கிடந்தன.

“பேனா பக்கவாட்டுல சரியாத்தான் போகுது. தாள்தான் முன்ன பின்ன சரியா போகல. கார்மென்ட்ஸ்ல துணி நழுவுனா இப்படித்தான் வரும். ஆனா இங்க தாள் நழுவல. உருளையில எங்கயோ பிடி விட்டுப் போகுது.”

கரண்டைத் துண்டித்துவிட்டுப் பக்க மூடியைக் கழற்றினார். உருளையின் முனையில் பெல்ட் மாட்டிய ஒரு பல்சக்கரம். அந்தச் சக்கரத்திலும் அது மாட்டியிருக்கும் தண்டிலும் ஒரே நேராக வெள்ளைத் திருத்த மையால் இரண்டு பொட்டு வைத்தார். மூடியைப் போட்டு, மறுபடி ஐந்து சதுரம். மறுபடி கரண்டைத் துண்டித்து, திறந்தார்.

இரண்டு பொட்டும் நேராக இல்லை. சக்கரம் ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம்.

சக்கரத்தைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஒரு குட்டி ஸ்குரூ தளர்ந்திருந்தது. மெதுவாக ஓடினால் பிடித்துக்கொள்ளும். வேகமாகத் திரும்பினால் நழுவும். அலன் கீயால் முக்கால் சுற்று. அவ்வளவுதான். அடுத்த ஐந்து சதுரமும் ஒரே கோடாக விழுந்தன.

அந்த ஸ்குரூவைத் தளர்த்தாமல் பெல்ட் மாற்ற முடியாது. பெல்ட் மாற்றியது யார்? மூடியைக் கழற்றியது யார்? இறுக்காமல் மூடியது யார்?

விலகிய பொட்டையும் சதுரங்களையும் படமெடுத்து டெக்னீஷியனுக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன்.

“டைட் பண்ணிட்டீங்கதானே மேடம்? அப்ப ப்ரொப்ளம் முடிஞ்சது.”

“முடியல. ஆள் மேல தப்புன்னு எழுதிக் குடுத்தீங்களே, அத மாத்தி எழுதிக் குடுங்க.”

“அதுக்கெல்லாம் ஃபோர்ம் கிடையாது மேடம்.”

பழி போட ஃபோர்ம் இருக்கிறது. எடுக்க ஃபோர்ம் கிடையாது! பஸ் தாமதமானால் கண்டக்டர். ஃபைல் தொலைந்தால் பியோன். கொழுந்து குறைந்தால் பறித்த கை. தப்பைத் தேடிக் கிளம்புகிறவர்கள் ஏன் எப்போதும் படியில் கீழ்நோக்கியே இறங்குகிறார்கள்? ஒரே ஒரு தரம் மேல்நோக்கி ஏறிப் பார்த்தால் கால் வலித்துவிடுமா?

கம்பெனி மேனேஜர் வரை போனேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் ஈமெயில் வந்தது: ‘ஒரு பாகம் தளர்ந்திருந்தது. சரிசெய்யப்பட்டது.’ அதை யோகேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன்.

“என் மேல போட்டப்ப ஆள் இருந்துச்சு. இப்ப தானா தளர்ந்துருச்சாக்கும்” என்றார்.

நேற்று செல்வராஜ் லொறியோடு வந்தார். யோகேஸ்வரி வெட்டிய எழுத்தை யோகேஸ்வரியே ஏறி ஒட்டினார். அவர் முன்னாலேயே நான் செல்வராஜிடம் சொன்னேன்: “அண்ணே, போன ரெண்டு வாட்டியும் தப்பு இவ மேல இல்ல. மெஷின்ல ஸ்குரூ தளர்ந்திருந்துச்சு. விசாரிக்காம இவள ஒதுக்கி வச்சது என் தப்பு. மன்னிச்சுக்க, யோகேஸ்.”

செல்வராஜ் சங்கடப்பட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். யோகேஸ்வரி பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. லொறி போன பிறகு என்னிடம் வந்தார்.

“இனிமே மெஷினப் பாக்க யார் வந்தாலும், மூடியத் திறக்கும்போது நான் பக்கத்துல நிப்பேன். ரிப்போர்ட்ட நான் வாசிச்சுப் பாத்த பெறகுதான் நீங்க கையெழுத்துப் போடணும். சரியாக்கா?”

சரி என்றேன். நியாயமான நிபந்தனை. அதை முதலாளியான எனக்கு முதலில் சொல்லத் தோன்றவில்லை என்பதுதான் வெட்கம்.